பத்தரமுல்லையில் அலுவல் முடிந்த பின் கொழும்பு பார்க்க

பத்தரமுல்லை அரச அலுவலகங்களில் அலுவல் பார்க்க வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவிலிருந்து இரவு பஸ்ஸில் போகிறவர்கள் விடிய முன்னமே கொழும்பு புறக்கோட்டையில் இறங்கிவிடுவார்கள். நேரம் இருக்கிறதென்று அப்போதே சுற்றப் போகவேண்டாம். முதலில் பத்தரமுல்லைக்குப் போய் வரிசையில் நில்லுங்கள். பிந்தினால் அலுவல் மறுநாளுக்குத் தள்ளிப்போகும், தங்குமிடச் செலவும் சேரும். போயா நாளில் அலுவலகம் பூட்டு. நாட்காட்டியைப் பார்த்தே புறப்படுங்கள்.

மத்தியானத்துக்குள் முடிந்தால் தேசிய நூதனசாலைக்கே போங்கள். 177 பஸ் பத்தரமுல்லையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்கு ஓடுகிறது. அதில் வந்து, விகாரமகாதேவி பூங்காவுக்குக் கிட்டவாக இறக்கிவிடச் சொல்லுங்கள். 1877இல் திறந்த கட்டடம் அது. கண்டி அரசரின் சிம்மாசனத்தைப் பார்க்கத்தான் எல்லோரும் போவார்கள். நம்மவர்கள் தவறவிடக் கூடாதது காலி நகரக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டு, சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் பொறிப்பித்த கல். தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கான காணிக்கையைச் சொல்கிறது. எழுத்துத் தேய்ந்திருப்பதால் பக்கவாட்டில் நின்று பாருங்கள், வரிகள் தெளியும். இதற்கு மட்டும் கால் மணித்தியாலம் ஒதுக்கலாம்.

பின்னேரம் காலிமுகத்திடல். ஓட்டோவில் ஏறமுன் மீற்றர் போடுவாரா என்று கேளுங்கள்.

அலுவல் பிந்தி முடிந்தால் நகருக்குள் ஓடவேண்டாம். பக்கத்திலேயே தியத்த உயன பூங்கா இருக்கிறது. தியவன்னா ஏரிக்கரையில் நடக்கலாம்.