அண்டோரா போக ஷெங்கன் விசாவில் ஒரு கட்டம்

அண்டோராவுக்கு விமான நிலையம் கிடையாது. பிரனீஸ் மலையில், பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே இருக்கிறது. அவற்றில் ஒன்றின் வழியாகத்தான் போக முடியும். ஆகவே இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா, வேண்டும். ஆனால் அண்டோரா ஷெங்கனில் சேராத நாடு. உள்ளே போனால் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. திரும்ப இன்னொரு நுழைவு தேவை. இதைப் பலரும் சொல்வதே இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

பயண முகவர் நிரப்பித் தந்த படிவத்தில் ‘ஒருமுறை நுழைவு’ என்று குறித்திருந்தார். கையெழுத்திடும் முன் ‘பலமுறை’ என்று மாற்றச் சொன்னேன். மாற்றினால் மட்டும் போதாது, காரணம் காட்ட வேண்டும். பார்சிலோனாவில் இறங்கி, பஸ்ஸில் அண்டோராவின் தலைநகர் அண்டோரா லா வெல்லா, அங்கிருந்து பிரான்சின் துலூஸ் என்று கடிதம் எழுதி, பஸ் டிக்கெட்டையும் ஹோட்டல் முன்பதிவையும் இணைத்தேன். ஷெங்கனுக்குக் கேட்கும் 30,000 யூரோ காப்பீட்டில் அண்டோராவையும் சேர்க்கச் சொன்னேன்.

பாஸ்போர்ட் வந்ததும் விசா ஸ்டிக்கரில் நுழைவு எண்ணிக்கைக் கட்டத்தைத்தான் முதலில் பார்த்தேன். ‘மல்ட்’ (பலமுறை) என்றிருந்தது. ‘02’ என்றிருந்தாலும் இந்தப் பயணத்துக்குப் போதும். ‘01’ என்றால் அண்டோராவைத் தள்ளிப்போடுங்கள். எல்லையில் சிகரெட்டையும் மதுவையும்தான் சோதிப்பார்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பாஸ்போர்ட்டைக் கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.