குடல் பழக்கம் மாறும்போது எழும் கவலையைக் கையாளுதல்
கும்பகோணத்தில் தஞ்சாவூர்ப் பேருந்து ஏறுமுன் கழிப்பறையைத் தேடித் தவிப்பவர்கள், குடல் எரிச்சல் நோய்க்குறியில் (IBS: வயிற்றுவலியும் மலப்பழக்க மாற்றமும் நீடிக்கும் குடல் கோளாறு) மலச்சிக்கலும் வயிற்றுப்போக்கும் மாறி மாறி வருவது அந்நோயின் இயல்பே என்பதை மனத்தில் இருத்த வேண்டும். நாளைக்கு 3 முறை முதல் வாரத்துக்கு 3 முறை வரை மலம் கழிவது பொதுவாக இயல்பான வரம்புதான்.

குடலும் மூளையும் நரம்புகளால் பிணைந்திருப்பதால், கவலை குடலசைவை மாற்றுகிறது. அம்மாற்றம் மீண்டும் கவலையை வளர்க்கிறது. ஆகவே 2 வாரங்களுக்கு உணவு, உறக்கம், மன அழுத்தம், மலத்தின் தன்மை ஆகியவற்றை நாளுக்கு ஒருமுறை மட்டும் நோட்டில் குறித்து வையுங்கள். ஓயாமல் கவனிப்பது அச்சத்தையே கூட்டும். சாம்பார் வெங்காயமும் பூண்டும் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை என்றாலும், தொல்லை தருவதாக உங்கள் குறிப்பு காட்டாத எந்த உணவையும் விலக்க வேண்டாம்.

மலத்தில் இரத்தம், காரணமற்ற எடைக்குறைவு, உறக்கத்தைக் கலைக்கும் வயிற்றுப்போக்கு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் தாமதமின்றி மருத்துவரைப் பாருங்கள்.