தன் வெப்ப ஏற்புத்திறன்: கணக்கு எங்கே சறுக்குகிறது?

ஒரு கிலோ பொருளை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் வெப்பமே அதன் தன் வெப்ப ஏற்புத்திறன். பித்தளைக்கு அதை அளக்க, 200 கிராம் பித்தளை எடைக்கல்லைக் கொதிநீரில் சூடாக்கி, 60 கிராம் செம்புக் கலோரிமீட்டரில் (வெப்பத்தை அளக்கும் பாத்திரம்) இருக்கும் 150 கிராம் தண்ணீருக்குள் இறக்குகிறோம். தண்ணீர் 28 டிகிரி. கல் விழுந்தபின் 35.4. பித்தளைக்கு விடை, ஒரு கிலோவுக்கு, ஒரு கெல்வினுக்கு 380 ஜூல் என்ற அளவை ஒட்டி வர வேண்டும்.

முதல் சறுக்கல், 'கொதிநீர் என்றால் 100' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவது. கோவை கடல் மட்டத்துக்குச் சுமார் 400 மீட்டர் மேலே இருக்கிறது. இங்கே தண்ணீர் 98.6-ஐ ஒட்டியே கொதித்துவிடும். வால்பாறையில் இன்னும் குறைவு. தெர்மாமீட்டர் காட்டுவதை எழுதுங்கள்.

கல் இழந்தது 98.6 − 35.4 = 63.2 டிகிரி. பலர் இங்கே 35.4-க்குப் பதிலாக 28-ஐக் கழித்துவிடுகிறார்கள். விடை 341-க்கு இறங்கிவிடும். வேறுபாட்டோடு 273-ஐக் கூட்டுவது அதைவிட மோசம். டிகிரியிலும் கெல்வினிலும் வேறுபாடு ஒன்றேதான்.

கல் இழந்த வெப்பம்தான் தண்ணீரும் கலோரிமீட்டரும் பெற்றது. ஒரு கிராமை ஒரு டிகிரி ஏற்ற, தண்ணீருக்கு 4.186 ஜூல், செம்புக்கு 0.385 ஜூல் வேண்டும். தண்ணீர் பெற்றது 150 × 4.186 × 7.4 = 4646 ஜூல். கலோரிமீட்டர் 60 × 0.385 × 7.4 = 171. மொத்தம் 4817. இதை 200 × 63.2-ஆல் வகுத்தால் 0.381, கிராமைக் கிலோவாக்க 1000-ஆல் பெருக்கினால் 381. கலோரிமீட்டரை மறந்தால் 368.

கணக்கைவிடக் கைதான் அதிகம் கெடுக்கும். கல்லோடு ஒட்டிக்கொண்டு ஒரே ஒரு கிராம் கொதிநீர் போனாலும் விடை 400-ஐத் தொடும், ஏனென்றால் அந்த ஒரு கிராம் 11 கிராம் பித்தளைக்குச் சமம். துடைத்துவிட்டுப் போடலாமே என்றால், அதற்குள் கல் ஆறிவிடும். அகலமான சோதனைக் குழாயில் கல்லை ஈரம் படாமல் வைத்து, குழாயைக் கொதிநீரில் 20 நிமிடம் நிறுத்துங்கள். குழாய்க்குள்ளேயே ஒரு தெர்மாமீட்டர் இருக்கட்டும். பிறகு கல்லில் கட்டிய நூலைப் பிடித்து இரண்டு மூன்று விநாடிக்குள் இறக்கிவிட வேண்டும்.

7.4 டிகிரி ஏற்றத்தில் அரை டிகிரி பிசகினால் 7 சதவீதம் போச்சு. கல் முழுக்க முங்கும் என்றால் தண்ணீரை 100 கிராமாகக் குறையுங்கள். ஏற்றம் 10 டிகிரியைத் தாண்டும்.

ஆடிக் காற்றில் பொள்ளாச்சிப் பக்கம் ஜன்னலைத் திறந்து வைத்து இதைச் செய்யவே கூடாது, மின்விசிறியையும் நிறுத்துங்கள். அறையைவிட நாலு டிகிரி குறைந்த மண்பானைத் தண்ணீரில் ஆரம்பித்தால், முதல் பாதியில் வெளியிலிருந்து வாங்கிய வெப்பமும் பின்பாதியில் இழந்ததும் ஏறக்குறைய நேராகிவிடும்.