துயரக் காலத்தில் விசுவாசத்தைப் பற்றிக்கொள்ளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் மரணம் நேர்ந்தால், அடக்க ஆராதனை முடிவதற்குள் ஒரு வசனம் பலமுறை காதில் விழுந்துவிடும்: “கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்.” என் தந்தை இறந்த அன்று, பெட்டியின் அருகே அமர்ந்திருந்த என் தாயாரிடம் அந்த வசனத்தை எத்தனையோ பேர் சொன்னார்கள். ஒவ்வொருவரும் அன்போடுதான் சொன்னார்கள். ஆனாலும் ஒவ்வொரு முறையும் அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்து, தலையை அசைத்து, இன்னும் சிறிது இறுகிப்போனதை அருகிலிருந்து பார்த்தேன். அந்த வசனத்தை முதலில் சொன்னவர் வேதாகமத்தில் வரும் யோபு. பத்துப் பிள்ளைகளையும் பறிகொடுத்த தகப்பனாக, தன் வாயால், தன்னைக் குறித்தே அதைச் சொன்னார். வேறொருவர் வந்து அவரிடம் அதைச் சொல்லவில்லை. அதே யோபு, தன் பெயரிலுள்ள புத்தகத்தின் மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளையே சபிக்கிறார். முதல் அதிகாரத்தை மனப்பாடமாக வைத்திருக்கும் நாம், துக்க வீட்டில் மூன்றாம் அதிகாரத்தைத் திறப்பதே இல்லை.

கடினமான காலங்களைக் கடப்பதற்கு விசுவாசம் பலம் தருகிறது என்பதை நான் முழு மனதோடு நம்புகிறேன். அந்தப் பலத்தைப் பெறுவதற்குத் தடையாக நிற்பவை பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் எதிர்ப்புகள் அல்ல. நல்லெண்ணத்தோடு நாமே பழகிக்கொண்ட சில தவறுகள்தான். துக்கத்தைத் தேவனுடைய சமுகத்துக்குக் கொண்டுபோவதற்கு முன்பே அதை மூடிவிட வேண்டும் என்ற அவசரமே அவற்றில் பலவற்றுக்கு வேராக இருக்கிறது.

விசுவாசி அழக்கூடாது என்று எண்ணுவது அவற்றில் முதலாவது. “நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போல நீங்கள் துக்கிக்காதபடிக்கு” என்று தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதிய வரியை இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். அந்த வரி நம்பிக்கை இல்லாமல் துக்கிக்காதீர்கள் என்கிறதே தவிர, துக்கிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. இறந்துபோன தம் சிநேகிதன் லாசருவைச் சில நிமிடங்களில் உயிரோடு எழுப்பப்போவதை அறிந்திருந்த இயேசுவே, அவனுடைய கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். கெத்செமனே தோட்டத்தில், தம்முடைய ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது என்று சீஷர்களிடம் மறைக்காமல் சொன்னார். சங்கீத புத்தகத்தின் 150 பாடல்களில் கணிசமான பங்கு புலம்பல்களே. “எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்று தேவனையே கேட்கும் 13-ஆம் சங்கீதம் ஆறே வசனங்களில் கேள்வியிலிருந்து பாட்டுக்கு வந்து சேர்கிறது. 88-ஆம் சங்கீதமோ அப்படி எங்கும் வந்து சேர்வதில்லை. இரவும் பகலும் கூப்பிடுகிறேன் என்று தொடங்கி, சிநேகிதரும் தோழரும் விலகிப்போன தனிமையில் அப்படியே முடிந்துவிடுகிறது. ஆறுதல் வார்த்தை எதுவும் அதன் கடைசியில் இல்லை. இருந்தும் அந்தப் பாடல் ஆராதனைக்குரிய புத்தகத்தில் இடம்பெற்றிருப்பது, ஆறுதல் இன்னும் வராத நாளிலும் ஜெபிக்கலாம் என்பதற்கு எழுதப்பட்ட அனுமதியாகவே எனக்குத் தோன்றுகிறது. துக்கத்தில் இருப்பவருக்கு எதை வாசிப்பது என்று தெரியாவிட்டால், வெற்றி வசனங்களைத் தேடுவதற்கு முன்பு இந்தச் சங்கீதத்தை உரத்த குரலில் வாசித்துப் பார்க்கச் சொல்வேன்.

இரண்டாவது தவறு, துன்பத்துக்குக் கணக்குப் பார்ப்பது. “எந்தப் பாவத்துக்காக இது வந்தது?”, “ஜெபத்தில் எங்கே குறைவைத்தேன்?” என்று பாதிக்கப்பட்டவர் தன்னையே குடைந்துகொள்வார், சுற்றியிருப்பவர்களும் அதே கேள்வியை வேறு சொற்களில் கேட்பார்கள். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு மறுநாளான ஞாயிற்றுக்கிழமை காலை, நாகப்பட்டினம் மாவட்டக் கரையைச் சுனாமி தாக்கியபோது, வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்ரீகர்கள் பலர் மாண்டார்கள். ஆலயத்துக்குள் இருந்தவர்கள் காக்கப்பட்டார்கள் என்று பிழைத்தவர்கள் பலர் சாட்சி சொன்னார்கள். அந்த நன்றி உண்மையானது. அதைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் அதே காலையில், அதே மாதாவைத் தேடி வந்து, கடற்கரையில் தன் குழந்தையைப் பறிகொடுத்த தாய் அந்தச் சாட்சியைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். காக்கப்பட்டது விசுவாசத்தின் பலன் என்றால், காக்கப்படாதது எதன் பலன் என்ற கேள்வி, யாரும் கேட்காமலேயே அவள் நெஞ்சில் போய் இறங்குகிறது.

இந்தக் கேள்விக்கு இயேசு நேரடியாகப் பதில் சொல்லியிருக்கிறார். எருசலேமில் சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததைக் குறிப்பிட்டு, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, அப்படியல்ல என்று அவரே முடித்தார். பிறவிக் குருடன் விஷயத்தில் “யார் செய்த பாவம்?” என்று கேட்ட சீஷர்களிடமும், அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்றார். யோபின் சிநேகிதர்களான எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் ஆகிய மூவரும் செய்தது இதே கணக்குப் பார்க்கும் வேலைதான். அவர்கள் வந்தபோது இரவும் பகலும் ஏழு நாட்கள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாட்களும் அவர்கள் செய்த மிகச் சிறந்த ஊழியம். வாயைத் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் எல்லாம் கெட்டது. கடைசி அதிகாரத்தில் தேவன் கோபங்கொண்டது புலம்பிய யோபின்மேல் அல்ல, தேவனுக்காக வாதாடுவதாக எண்ணிக்கொண்ட அந்த மூவரின்மேல்.

வசனத்தை அதன் இடத்திலிருந்து பிடுங்கி எடுத்து வைத்துக்கொள்வது இன்னொரு தவறு. நம் சபைகள் பலவற்றில் டிசம்பர் 31 இரவு ஆராதனையில் புதிய ஆண்டுக்கென ஒரு வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை கொடுக்கும் வழக்கம் உண்டு. எனக்கும் அது பிரியமான வழக்கமே. பழைய அட்டைகளை வேதாகமத்துக்குள் பத்திரமாக வைத்திருக்கிறேன். “உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே” என்ற எரேமியா 29:11 அந்த அட்டைகளில் அடிக்கடி வரும். மார்ச் மாதத்தில் வேலை போய்விட்டால் அந்த அட்டை பொய்த்துவிட்டதாக மனம் உடைகிறது. அந்த வசனம் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தின் ஒரு வரி. அதற்கு முந்தைய வசனமே எழுபது வருஷம் என்று காலத்தைச் சொல்கிறது. வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்துவையுங்கள் என்கிறது அந்தக் கடிதம். முந்தைய அதிகாரத்தில் அனனியா என்பவர் இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று ஜனங்களுக்குப் பிடித்ததைச் சொல்லியிருந்தார். அவர் கள்ளத் தீர்க்கதரிசி என்று வேதாகமம் சொல்கிறது. அந்த வாக்குத்தத்தத்தை முழுக் கடிதத்தோடு சேர்த்து வாசித்தால் அது சிறுத்துப்போவதில்லை. நீண்ட காலம் எடுக்கும் துன்பத்தின் நடுவிலும் வீடு கட்டிக் குடியிருக்கலாம் என்ற தைரியத்தை அது தருகிறது. கேட்ட தேதிக்குள் பதில் வராவிட்டால் நொறுங்கிப்போகிற நம்பிக்கையைவிட அது எவ்வளவோ உறுதியானது.

உடலையும் மருத்துவத்தையும் விசுவாசத்துக்கு எதிரியாக நிறுத்தும் தவறுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. மனச்சோர்வு நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவர் ஒரு ஜெபக்கூட்டத்தில் ஆறுதல் பெற்று, வீட்டுக்கு வந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுவது நம்மிடையே நடக்கிற ஒன்று. மனநல மாத்திரைகள் பலவற்றைத் திடீரென நிறுத்தினால் நோய் மீண்டும் தலைதூக்குவதோடு, உடலும் கடுமையாகத் தடுமாறும். நிறுத்துவதாக இருந்தாலும் மருத்துவரின் மேற்பார்வையில் அளவைப் படிப்படியாகக் குறைத்தே நிறுத்த வேண்டும். சாப்பிட முடியாமலும் உறங்க முடியாமலும் இருப்பவர் உபவாசமும் இரவு ஜெபமும் சேர்த்து எடுத்துக்கொள்வது, ஏற்கெனவே கவிழ்ந்துகொண்டிருக்கும் படகில் பாரம் ஏற்றுவது போன்றது.

எலியாவை நினைத்துப் பாருங்கள். கர்மேல் பர்வதத்தில் அக்கினி இறங்கக் கண்ட அதே தீர்க்கதரிசி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, “போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்” என்றார். தேவதூதன் அவரைக் கண்டிக்கவில்லை. விசுவாசத்தைப் பற்றிப் பிரசங்கமும் செய்யவில்லை. தழலில் சுடப்பட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் அவர் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டார், மீண்டும் உறங்கினார், மீண்டும் எழுப்பப்பட்டுச் சாப்பிட்டார். மெல்லிய சத்தத்தில் தேவன் பேசியதெல்லாம் அதற்குப் பிறகு, நாற்பது நாள் நடந்து ஓரேப் பர்வதத்தை அடைந்த பின்புதான். சாக வேண்டும் என்று சொல்லும் மனிதருக்கு முதலில் ஆகாரமும் உறக்கமும் துணையும் தேவை என்பதை இந்த அதிகாரத்தைவிடத் தெளிவாக எங்கும் நான் வாசித்ததில்லை.

மருத்துவம் நம் விசுவாசத்துக்கு அந்நியமானதும் அல்ல. பவுலின் உடன் ஊழியரான லூக்கா வைத்தியர். ஐடா ஸ்கடர் 1900-இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய சிகிச்சைப் பணிதான் இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக வளர்ந்திருக்கிறது. வேலூரின் பாகாயத்தில் அதற்கு மனநல மையமும் இருக்கிறது. இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கமோ பசியோ இல்லாமல், எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. இந்தியாவில் எங்கிருந்தும் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். அந்த அழைப்பைச் செய்வதற்கு முன்போ பின்போ ஜெபிக்கலாம். ஜெபித்துவிட்டோம் என்பதற்காக அழைக்காமல் இருக்க வேண்டாம்.

“இது என் சிலுவை” என்று சொல்லிக்கொண்டு வன்முறையைச் சகித்துக்கொண்டிருப்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். குடித்துவிட்டு அடிக்கும் கணவனோடு பல ஆண்டுகள் வாழ்வதைப் பொறுமை என்று பாராட்டி, இன்னும் ஜெபியுங்கள் என்று வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட சகோதரிகளை நான் அறிவேன். சிலுவை என்று சுவிசேஷம் சொல்வது, இயேசுவைப் பின்பற்றுவதால் வரும் பாடுகளையே. சவுல் ராஜா எறிந்த ஈட்டிக்குத் தாவீது விலகி ஓடினார். தமஸ்குவில் பவுலைக் கூடையில் வைத்து மதில் வழியாக இறக்கிவிட்டுச் சீஷர்கள் தப்புவித்தார்கள். கல்லெறிய வந்தவர்களுக்கு இயேசுவே மறைந்து, தேவாலயத்தை விட்டுப் போனார். உயிருக்கு ஆபத்தான இடத்திலிருந்து வெளியேறுவதை வேதாகமம் எங்கும் அவிசுவாசமாக எண்ணவில்லை. 181 என்ற பெண்கள் உதவி எண் அதற்காகவே இருக்கிறது.

நேர்ச்சையும் பொருத்தனையும் பேரமாக மாறிவிடுவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: கடன் வாங்கிக் காணிக்கை செலுத்தினால் கடன் தீரும் என்று எவர் சொன்னாலும், அந்தக் கடனை அடைக்கப்போவது அவர் அல்ல.

சாட்சி சொல்ல அவசரப்படுவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சுகமானவர்களின் கதைகளையே மேடையில் கேட்டுப் பழகிய சபையில், சுகமாகாதவருக்குத் தன் அனுபவத்தைச் சொல்ல இடமே இல்லாமல் போகிறது. திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் பிள்ளைகளுக்காக ஓர் இல்லத்தை உருவாக்கிய ஏமி கார்மைக்கேல், 1931-இல் கீழே விழுந்து பலத்த காயமடைந்தார். 1951-இல் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது ஆண்டுகள், பெரும்பாலும் தன் அறைக்குள்ளேயே வலியோடு வாழ்ந்தார். அங்கிருந்தே எழுதினார், வழிநடத்தினார். பவுலும் தன் மாம்சத்திலுள்ள முள் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை, “என் கிருபை உனக்குப்போதும்” என்ற பதில் கிடைத்தது. இவர்களுடைய வாழ்க்கையும் சாட்சிதான். இன்னும் நடுவழியில் இருப்பவர் எழுந்து, “எனக்கு இன்னும் பதில் வரவில்லை, ஆனாலும் இந்த வாரமும் வந்திருக்கிறேன்” என்று சொல்லக்கூடிய சபையில், அருகில் அமர்ந்திருக்கும் இன்னொருவருக்கும் மூச்சு விட முடியும்.

அப்படிச் சொல்ல முடியாததால்தான் பலர் தனித்துப்போகிறார்கள். ஜெப விண்ணப்பமாகச் சொன்னது மறுவாரம் தெருப்பேச்சாகத் திரும்பி வந்த அனுபவம் ஒருமுறை இருந்தாலும், பிறகு யாரும் வாய் திறக்கமாட்டார்கள். எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை. சொன்னதைத் தன்னோடு வைத்துக்கொள்ளக்கூடிய ஒருவரை, அல்லது இருவரைத் தேர்ந்துகொண்டால் போதும். ஜெபிக்கவே வார்த்தை வராத நாட்களில், “எனக்காக நீங்கள் ஜெபியுங்கள், என்னால் இப்போது முடியவில்லை” என்று அவர்களிடம் ஒப்படைத்துவிடலாம்.

ஆறுதல் சொல்லப் போகிறவர்களின் தவறும் இதோடு சேர்ந்ததே. முப்பதாம் நாள் அல்லது நாற்பதாம் நாள் நினைவு ஜெபம் முடிந்ததும் வீட்டுக்கு வருகிறவர்கள் நின்றுவிடுகிறார்கள். துக்கம் அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் நிலையாகக் குடியேறுகிறது. என் தந்தை இறந்து மூன்று மாதம் கழித்து, சபையைச் சேர்ந்த வயதான அம்மா ஒருவர் ஒரு மாலையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். வசனம் எதுவும் சொல்லவில்லை. என் தாயாரோடு திண்ணையில் உட்கார்ந்து, முருங்கைக் கீரையை ஆய்ந்துகொண்டே, “அவர் உங்களை முதல்முதலில் எங்கே கூட்டிக்கொண்டு போனார்?” என்று கேட்டார். என் தாயார் அன்றுதான் வாய்விட்டு அழுதார். அழுது முடித்துவிட்டு, மணப்பாடு தேர்த்திருவிழாவைப் பற்றி இருட்டும்வரை பேசிக்கொண்டிருந்தார்.