ஆஃபர் வந்தாச்சு, விசா வரல: வெளிநாட்டு டீச்சர் வேலைக்கு காத்திருக்கும்போது என்ன பண்ணலாம்

ஆஃபர் லெட்டர் வந்த அன்னைக்கு இருக்குற சந்தோஷம் ரெண்டு வாரம் கூட தாங்காது, அதுக்கப்புறம் மெயிலைத் திறக்குறது, மூடுறது, திரும்ப திறக்குறது, இதான் பொழப்பு. ரெண்டு மூணு மாசம் ஆகலாம், அதுக்கு மேலயும் இழுக்கலாம். நான் காத்திருந்தப்போ பண்ண கூத்தை நீங்களும் பண்ணாம இருக்கத்தான் இது.

மொதல்ல, இருக்குற வேலைய விட்டுடாதீங்க. ஆஃபர் லெட்டர் வேற, ரெண்டு பக்கமும் சைன் பண்ண கான்ட்ராக்ட் வேற, விசா வேற, மூணாவது கைக்கு வர்ற வரைக்கும் மத்த ரெண்டும் வெறும் பேப்பர்தான். ஜாயினிங் டேட் பேசும்போதே "விசா வந்த நாள்ல இருந்து எனக்கு இத்தனை நாள் வேணும்"னு நோட்டீஸ் பீரியட சேத்து சொல்லிடுங்க. வெளிய இருந்து ஆள் எடுத்துப் பழகின ஸ்கூல் இதுக்கெல்லாம் கோவிச்சுக்காது, கோவிச்சுக்கிட்டா அதுவே ஒரு தகவல்தான்.

இப்போ பேப்பர் விஷயம். எல்லாத்தையும் ஒரே மூச்சுல எடுத்து ஃபைல்ல சொருகிட்டா முடிஞ்சுதுன்னு நெனச்சேன், அங்கதான் மாட்டினேன். பேப்பர்ல ரெண்டு ரகம் இருக்கு, நாளானாலும் கெடாதது, நாளானா கெட்டுப் போறது. டிகிரி, மார்க்ஷீட், பர்த் சர்ட்டிஃபிகேட் எல்லாம் முதல் ரகம், அதெல்லாம் நெசம்தான்னு ஆபீஸ்ல முத்திரை வாங்குற அட்டெஸ்டேஷன் வேலைதான் ரொம்ப இழுக்கும், அதனால ஆஃபர் வந்த வாரமே ஆரம்பிச்சிடுங்க. போலீஸ் கிளியரன்ஸ், மெடிக்கல் ரெண்டும் ரெண்டாவது ரகம். மூணு மாசத்துக்குள்ள எடுத்ததா இருக்கணும், ஆறு மாசத்துக்குள்ள எடுத்ததா இருக்கணும்னு நாட்டுக்கு நாடு ஒரு கணக்கு இருக்கும். நான் என்ன பண்ணேன், போலீஸ் சர்ட்டிஃபிகேட்தான் கஷ்டம்னு அதை மொதல்ல வாங்கி வச்சிட்டு டிகிரி அட்டெஸ்டேஷனுக்கு அலைஞ்சேன், அது முடிஞ்சு விசாவுக்கு போடும்போது போலீஸ் சர்ட்டிஃபிகேட் பழசாயிடுச்சு, திரும்ப கைரேகை, திரும்ப வரிசை, திரும்ப காசு. ஐஈஎல்டிஎஸ்ங்கிற இங்கிலீஷ் டெஸ்ட் எழுதியிருந்தா அதுக்கும் ரெண்டு வருஷம்தான் ஆயுள்.

அப்போஸ்தில்னு ஒரு வார்த்தை காதுல விழுந்துகிட்டே இருக்கும். பேப்பர் நெசம்தான்னு அரசாங்கம் போட்டுத் தர்ற சான்று அது, 1961ல ஹேக் நகரத்துல போட்ட ஒப்பந்தப்படி வந்தது. டிகிரி கொடுத்த நாடும் நீங்க போற நாடும் அந்த ஒப்பந்தத்துல இருந்து, அந்த ரெண்டு நாட்டுக்கு நடுவுலயும் அது செல்லுபடியானா ஒரே ஒரு அப்போஸ்தில் போதும், இல்லைன்னா எம்பசி வரைக்கும் படிப்படியா முத்திரை வாங்கணும். இதுல ரெண்டு விஷயம் கவனிங்க. ஒண்ணு, டிகிரி எந்த நாட்டுல வாங்கினீங்களோ அங்கதான் அப்போஸ்தில் போட முடியும், நீங்க இப்போ இருக்குற நாட்டுல இல்ல. இன்னொண்ணு, ஒப்பந்தத்துல இருக்குற நாடுங்க லிஸ்ட் மாறிகிட்டே இருக்கு, சவுதில 2022 டிசம்பர்ல, சீனால 2023 நவம்பர்லதான் இது நடைமுறைக்கு வந்துச்சு, அதுக்கு முன்னாடி போனவங்க சொல்ற வழி இப்போ செல்லாம போகலாம். அப்புறம், பத்திரமா இருக்கட்டும்னு ஒரிஜினல் டிகிரிய லாமினேட் பண்ணிடாதீங்க, முத்திரை குத்த எடம் இல்லாம திருப்பி அனுப்பிடுவாங்க.

பாஸ்போர்ட் முடியுற தேதிய இன்னைக்கே பாருங்க. உள்ள போக ஆறு மாசம் பாக்கி இருந்தா பல நாட்டுக்கு போதும், ஆனா ரெண்டு வருஷ கான்ட்ராக்ட்டுக்கு அது பத்தாது. புதுப்பிக்கணும்னா ஸ்கூல் ஒர்க் பெர்மிட் போடுறதுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க, பெர்மிட்ல உங்க பாஸ்போர்ட் நம்பர் ஏறும், நடுவுல நம்பர் மாறினா முதல்ல இருந்து கதை. டிகிரில இனிஷியல், பாஸ்போர்ட்ல முழுப் பேருன்னு இருந்தாலும் இப்பவே ஸ்கூல் கிட்ட சொல்லி என்ன வேணும்னு கேட்டுடுங்க.

"டூரிஸ்ட் விசால வந்துடுங்க, இங்க வந்து மாத்திக்கலாம்"னு யாராவது சொன்னா ஒதுங்கிடுங்க, வேலை கொடுக்குறதுக்கு காசு கேட்டா ஓடிடுங்க. முறையான வழி எப்படி இருக்கும்னா, சீனாவுக்கு ஒர்க் பெர்மிட் நோட்டிஸ் வந்து அதை வச்சு வேலைக்குன்னு இருக்குற ஸெட் (Z) விசா எடுத்து உள்ள போய், 30 நாளைக்குள்ள ரெசிடென்ஸ் பெர்மிட்டுக்கு போடணும். ஜப்பானுக்கு ஸ்கூல் தரப்புல இருந்து எலிஜிபிலிட்டி சர்ட்டிஃபிகேட் எடுத்து அனுப்புவாங்க, அது மூணு மாசம்தான் செல்லும்.

ஸ்கூலுக்கு தினமும் மெயில் போடாதீங்க, ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு போதும். "எப்போ வரும்"னு கேட்டா "சீக்கிரம்"னுதான் பதில் வரும், "இப்போ எந்த ஆபீஸ்ல இருக்கு, எந்த தேதில போட்டீங்க, என் பக்கம் ஏதாவது பாக்கி இருக்கா"ன்னு கேளுங்க. எனக்கு அப்படி கேட்டப்போதான் ஒரு ஃபோட்டோ சைஸ் தப்புன்னு ஃபைல் மூணு வாரமா சும்மா கெடந்தது தெரிஞ்சுது.

மீதி நேரத்துல பாடத்தைப் பாருங்க, ஆனா பொத்தாம் பொதுவா இல்ல. எந்த கிளாஸ், எந்த சிலபஸ், எந்த புக்குன்னு கேட்டு வாங்கிடுங்க. ஐபி, கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்ஈ ரெண்டும் வேற வேற சர்வதேச பாடத்திட்டம், ஐபி ஸ்கூல்னா ஒரு மாதிரி, ஐஜிசிஎஸ்ஈன்னா வேற மாதிரி, மார்க் போடுற முறையே மாறும். ஒரு வருஷத்துக்கு ப்ளான் போட்டு வைக்காதீங்க, பசங்க மூஞ்சிய பாக்காம போடுற ப்ளான் முதல் வாரமே கிழியும், ரெண்டு வாரத்துக்கு போதும். ஜப்பான்ல ஏப்ரல், ஆஸ்திரேலியால ஜனவரி கடைசி, ஐரோப்பால பெரும்பாலும் செப்டம்பர், இப்படி டெர்ம் ஆரம்பிக்கும். விசா லேட்டாகி நடுவுல போய் சேரவும் வேண்டி வரலாம், அப்போ முன்னாடி இருந்த டீச்சர் எதுவரைக்கும் நடத்தினார்னு கேட்டு வச்சுக்கங்க. வர்ற வரைக்கும் ஆன்லைன்ல கிளாஸ் எடுங்கன்னு சொன்னா சம்பளத்தை எழுத்துல வாங்கிட்டு எடுங்க.

காசு விஷயத்துல, முதல் சம்பளம் நீங்க போய் சேர்ற மாசக் கடைசிலதான் வரும், பேங்க் அக்கவுண்ட் திறக்க லேட்டானா அதுவும் தள்ளும், வீட்டுக்கு அட்வான்ஸ் கேப்பாங்க. ரெண்டு மாச செலவுக்காவது கைல இருக்கணும், டிக்கெட் காச ஸ்கூல் திருப்பித் தரும்னு சொன்னாலும் எப்போ தரும்னு கான்ட்ராக்ட்ல பாருங்க.

சொந்தக்காரங்க "இன்னும் கெளம்பலையா"ன்னு கேட்டுகிட்டேதான் இருப்பாங்க, நான் கடைசில தேதி சொல்றதையே நிறுத்திட்டேன், நிம்மதியா இருந்துச்சு.

விசா வந்ததும் உடனே டிக்கெட் போடாம, பேர் ஸ்பெல்லிங், பாஸ்போர்ட் நம்பர், எந்த தேதிக்குள்ள உள்ள போகணும், எத்தனை தடவை போகலாம்னு இந்த நாலையும் பாருங்க. தப்பு இருந்தா இங்க இருக்கும்போதே மாத்திடுங்க. ஒரிஜினல் எல்லாம் கைப்பைல இருக்கட்டும், பெரிய பெட்டில போட்டு அனுப்பிடாதீங்க.