வெளிநாட்டுக்குப் புதிதாக வருவோர் செயற்கைப் பாதம் தேர்ந்தெடுக்கும் முறை

செயற்கைக் காலுடன் புதிய நாட்டுக்கு வருபவர், அங்குள்ள செயற்கைக்கால் மையத்துக்கு முதன்முறை செல்லும்போது, எந்தப் பாதம் உயர்ந்தது என்று கேட்பதைவிடத் தாம் நாள்தோறும் எங்கே, எப்படி நடக்கிறார் என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்வதே முக்கியம். எடுத்துக்காட்டாக, அமெரிக்காவில் நடமாட்டத் திறனைக் கே0 (மிகக் குறைவு) முதல் கே4 (மிக அதிகம்) வரை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறார்கள். மிதிக்கும்போது ஆற்றலைச் சேமித்து அடுத்த எட்டுக்குத் திருப்பித் தரும் கார்பன் ஃபைபர் பாதத்துக்கு அந்நாட்டு அரசின் மெடிகேர் மருத்துவக் காப்பீடு பொதுவாகக் கே3 நிலையையாவது எதிர்பார்க்கிறது. வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் நடக்கக்கூடிய, அதாவது கே3 நிலைக்குத் தகுதியான ஒருவர், நம்மவர்களின் வழக்கப்படி "ஏதோ சமாளிக்கிறேன்" என்று அடக்கமாகச் சொன்னால், அதுவே அவரைக் கீழ்நிலையில் பதிவுசெய்யக் காரணமாகிவிடலாம்.

கணுக்கால் அசையாமல், குதிகாலில் மெத்தை போன்ற பகுதி மட்டும் கொண்ட சாக் பாதம் எளிமையானது. சமதளத்தில் மெதுவாக நடப்பவர்களுக்கு அது போதும். பல திசைகளிலும் வளையும் கணுக்கால் மேடுபள்ளமான தரைக்கு ஏற்றது. கார்பன் பாதத்தின் விறைப்பு அணிபவரின் உடல் எடையையும் நடமாட்டத்தையும் பொறுத்துத் தீர்மானிக்கப்படுவதால், எடை கணிசமாக மாறினால் அதே பாதம் பொருந்தாமல் போகலாம்.

பலரும் கவனிக்கத் தவறுவது குதிகால் உயரத்தைத்தான். பெரும்பாலான பாதங்கள் ஏறத்தாழ 1 செ.மீ. குதி உயர்ந்த காலணிக்கு ஏற்பச் சீரமைக்கப்படுகின்றன. அந்தக் காலணியைக் கழற்றிவிட்டு நின்றால் உடல் பின்னோக்கிச் சாய்ந்து, முழங்கால் பின்புறமாகத் தள்ளப்படும். அதைவிட உயர்ந்த குதியுள்ள காலணியை அணிந்தால் உடல் முன்னே தள்ளப்பட்டு முழங்கால் மடங்கப் பார்க்கும். ஆகவே வீட்டுக்குள் வெறுங்காலுடன் நடப்பவர் அதை முதலிலேயே தெரிவித்து, குதி உயரத்தைத் தாமே மாற்றிக்கொள்ளத்தக்க பாதம் கிடைக்குமா என்று விசாரிக்க வேண்டும். வழக்கமாக அணியும் காலணிகள் எல்லாவற்றையும் மையத்துக்கு எடுத்துச் செல்வது நல்லது. பனிக்கால பூட்ஸையும் விட்டுவிடக் கூடாது.

பாதத்தைப் பொருத்தியவுடன் வழுவழுப்பான தரையில் நான்கு எட்டு வைத்துவிட்டுத் தலையாட்டி வந்துவிடாமல், சரிவில் இறங்கியும், படியேறியும், நின்ற இடத்தில் திரும்பியும் பார்க்க வேண்டும். துண்டிக்கப்பட்ட காலின் எஞ்சிய பகுதியில் வலியோ சிவப்போ தோன்றினால் பாதத்தை மாற்றக் கேட்கும் முன், அந்தப் பகுதி உள்ளே பொருந்தும் உறையான சாக்கெட்டைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். சாக்கெட் சரியாகப் பொருந்தாவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த பாதமும் பயன் தராது. தற்போது அணியும் பாதத்தின் மாதிரிப் பெயர், அளவு, விறைப்பு வகை ஆகியவை எழுதப்பட்ட தாள் கைவசம் இருந்தால், புதிய மையத்தில் அவற்றை முதலிலிருந்து கணிக்க வேண்டிய வேலை குறையும்.