ரத்தம் கொடுக்கும் நாளில் மாத்திரையைக் கையோடு கொண்டு போங்கள்

எனக்குக் கல்லீரல் மாற்றி 6 வருடம் ஆகிறது. காலை 8 மணி, இரவு 8 மணி என இரண்டு வேளை டாக்ரோலிமஸ், அதாவது உடம்பு புதுக் கல்லீரலை நிராகரிக்காமல் தடுக்கும் மாத்திரை. அலாரம் அடித்தால் மாத்திரையை விழுங்கிய பிறகுதான் அதை அணைப்பேன். முதலில் அணைத்துவிட்டால் அந்த வேளை மறந்துபோகும்.

இந்த மருந்து ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதை, முந்தைய வேளை போட்டு ஏறக்குறைய 12 மணி நேரம் கழித்து, அடுத்த வேளைக்கு முன்பு பார்க்க வேண்டும். இரண்டாம் வருடத்தில் ஒரு நாள், பழக்கத்தில் காலை மாத்திரையைப் போட்டுவிட்டு ரத்தம் கொடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அளவு கூடுதலாகக் காட்டியது, டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். அடுத்த பரிசோதனையில், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ஏஎல்டி, ஏஎஸ்டி அளவுகள் இரண்டும் ஏறியிருந்தன. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உடம்பு கல்லீரலை ஏற்க மறுக்கத் தொடங்கியது எனக்குத் தெரியவே இல்லை. ஸ்டீராய்டு கொடுத்துச் சரிசெய்தார்கள். அதனால்தான் சொல்கிறேன், "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். அன்று காலை மாத்திரையைப் பையில் வைத்துக்கொண்டு போய், ரத்தம் கொடுத்ததும் போடுங்கள். தெரியாமல் போட்டுவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பல்வலிக்கோ சளிக்கோ வேறு டாக்டரிடம் போனால், கல்லீரல் மாற்றியவர் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் டாக்ரோலிமஸுடன் சேர்ந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக், ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்து இரண்டும் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும், காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் இறக்கிவிடும். கிரேப்ஃப்ரூட் பழமும் (திராட்சை அல்ல, ஆரஞ்சு வகை) ஏற்றும். மூலிகை மருந்தையும் கேட்காமல் தொட வேண்டாம். கடைக்காரர் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தால் வாங்காமல் மருத்துவக் குழுவுக்கு போன் செய்யுங்கள்.

ஒரு வேளை தவறினால் அடுத்த வேளையில் இரட்டிப்பாகப் போடக் கூடாது. காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால் விடியும்வரை காத்திருக்காமல் கூப்பிடுங்கள். கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போவது, உடம்பு அரிப்பது எல்லாமே அன்றே சொல்ல வேண்டியவை. அப்புறம், வயிற்றுப்போக்கு. மருந்து வெளியேறிவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், உண்மையில் டாக்ரோலிமஸ் அளவு கூடிவிடலாம். நீங்களாக மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாமல், ரத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.